மண்டபத்து முன்கதவு: மரமா, கிறில்லா, றோலரா, இழுவையா?

கடந்த சில மாதங்களில் வன்னியின் மூன்று ஊர்களிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் வந்தது. ஒன்று நெடுங்கேணிப் பக்கம், ஒன்று பூநகரி, மற்றது முல்லைத்தீவுக் கரையோரம். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தோடு 2010, 2011, 2012 காலத்தில் எழுந்த பொதுநோக்கு மண்டபங்களின் கதவுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. நிலையைக் கறையான் தின்றிருக்கும். அல்லது பிணைச்சல் தளர்ந்து, கதவு நிலத்தில் உரசி அரைவட்டமாகக் கோடு கீறியிருக்கும். சங்கத்தில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. எந்தக் கதவு போடலாம் என்று கூட்டம் வைத்தால் ஒருவர் றோலர் என்கிறார், இன்னொருவர் கிறில் என்கிறார், ஓடாவியார் முதிரை மரத்தை விட்டால் வேறு எதுவும் நில்லாது என்கிறார். கூட்டம் முடிகிறது, முடிவு வருவதில்லை.

எங்கள் ஊரிலும் இதே இழுபறி நடந்தது. அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பது விளங்கும்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்துக்கு அண்ணை ஒருவர் வருவார். முள்ளந்தண்டில் காயப்பட்டவர், சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். மண்டபத்துக்குச் சாய்தளம் இருக்கிறது, அதில் அவர் தானாகவே ஏறி வந்துவிடுவார். ஏறி வந்தால் முன்னால் நாலு அங்குல உயரத்தில் சீமெந்து வாசற்படி. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கட்டியது. அதற்கு மேலே நாலடி அகலத்தில் இரட்டைக் கதவு, ஒவ்வொரு பலகையும் இரண்டடி. வழக்கமாக ஒரு பலகையைத்தான் திறப்போம். மற்றதன் கீழ்க் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொண்டியைச் சுத்தியலால் தட்டித் திறந்து, அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தோம். தூக்கும்போது நிலைமரத்தில் உரசி அவருடைய வலது கை விரல் மொளிகளில் தோல் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதமும் வந்தார், உள்ளே வரவில்லை. விறாந்தையில் யன்னலோடு நாற்காலியை நிறுத்திக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கூட்டத்தைக் கேட்டார். குழாய்க்கிணறு எந்த ஒழுங்கையில் போடுவது என்று கை உயர்த்தச் சொன்னபோது அவரும் உயர்த்தினார். எண்ணியவரின் கண்ணில் அந்தக் கை படவில்லை. ஒரு கை வித்தியாசத்தில் முடிந்த வாக்கெடுப்பு அது.

அந்தக் கூட்டத்திலிருந்து கதவைப் பற்றி நான் யோசிக்கும் விதம் மாறிவிட்டது. கதவுக்கு மூன்று வேலை: வருபவரை உள்ளே விடுவது, ஆபத்தில் எல்லோரையும் வெளியே விடுவது, வரக்கூடாதவரைத் தடுப்பது. எங்கள் சங்கங்கள் கதவு வாங்கப் போனால் மூன்றாவது வேலையை மட்டும் பார்த்து வாங்குகின்றன. முதல் இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. மூன்றாவதுக்கு வேறு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

தனியே வர முடியுமா? "நாங்கள் தூக்கிவிடுவோம்" என்பது பதில் ஆகாது. சாதாரணமாக வளர்ந்தவருக்கான சக்கர நாற்காலி 24 முதல் 27 அங்குல அகலம். சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கு இரு பக்கமும் இடம் வேண்டும். ஆகவே கதவு திறந்து நிற்கும்போது வெறும் இடைவெளி 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 36 இருந்தால் நிம்மதி. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றடிக் கதவு என்றால் மூன்றடி வழி என்று நினைத்துவிடுகிறோம். கதவு 90 பாகையில் நிற்கும்போது பலகையின் தடிப்பும் பிணைச்சலும் ஒன்றரை, இரண்டு அங்குலத்தை விழுங்கிவிடும். நிலைக்குள் அளவு நாடாவைப் பிடிக்காதீர்கள். திறந்த பலகையின் முகத்திலிருந்து எதிர் நிலைவரை பிடியுங்கள்.

வாசற்படி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதுவும் சரிவாகத் தீட்டியிருக்க வேண்டும். கைபிடி நிலத்திலிருந்து மூன்றடிக்கும் மூன்றரை அடிக்கும் இடையில். உருண்டைக் குமிழ் வேண்டாம். செயற்கைக் கை உள்ளவருக்கும், தீக்காயத்தில் விரல் மடங்கியவருக்கும், இடுப்பில் பிள்ளையோடு வரும் தாய்க்கும் குமிழைத் திருக முடியாது. அழுத்தினால் இறங்கும் நீளக் கைபிடி என்றால் முழங்கையாலும் திறக்கலாம். கதவு எவ்வளவு பாரம் என்று பார்க்க ஒரு சுலபமான வழி: மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசைக் கைபிடியில் மாட்டி மெல்ல இழுங்கள். இரண்டு, இரண்டேகால் கிலோ காட்டுவதற்குள் கதவு அசைய வேண்டும்.

இருட்டிலும் நெரிசலிலும் வெளியேற முடியுமா? 1883 ஆம் ஆண்டு யூன் மாதம் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்ரோறியா மண்டபம் என்ற பொதுமண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி நடந்தது. முடிவில் பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மேல்மாடிப் பிள்ளைகள் படியால் ஓடி இறங்கினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உட்பக்கமாகத் திறப்பது. ஒரு பிள்ளை மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டு அதைக் கொண்டி போட்டு நிறுத்தியிருந்தார்கள். பின்னால் வந்த கூட்டம் தள்ள, முன்னால் நின்றவர்களால் கதவைத் தங்கள் பக்கம் இழுக்க முடியவில்லை. 183 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் தள்ளுப்பட்டைப் பூட்டு வந்தது. 1892இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

எங்கள் மண்டபங்களில் முன்பள்ளி நடக்கிறது, திருமணம் நடக்கிறது, கிளினிக் நடக்கிறது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊரே பாடசாலைகளிலும் மண்டபங்களிலும்தான் படுத்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடும் மண்டபத்துக்கு வெவ்வேறு பக்கங்களில் இரண்டு வழி வேண்டும், இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பக்கக் கதவு பெரும்பாலும் இருக்கிறது. அதன் முன்னால் பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கியிருக்கும், அல்லது பூட்டுத் திறப்பு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

களவும் கட்டாக்காலியும். தண்ணீர் மோட்டர், அம்பிளிபயர், மின்விசிறி, பற்றரி, கதிரை. இவைதான் போகின்றன. எங்கள் மண்டபத்தில் இரண்டு தரம் களவு போனது. இரண்டு தரமும் முன்கதவால் யாரும் வரவில்லை. முதல் தரம் பின் யன்னல் கம்பியை வளைத்தார்கள், அடுத்த தரம் ஓட்டைக் கழற்றினார்கள். மாடும் ஆடும் விறாந்தையில் படுப்பது வேறு பிரச்சினை. அதற்குப் படலை போதும், கோட்டைக் கதவு தேவையில்லை.

ஐந்து வருடம் கழித்து யார் திருத்துவது? கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டிய கதவு வேண்டாம். ஊர் ஓடாவி, அல்லது பக்கத்து ஒட்டுவேலைக் கடை கைவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

## இரட்டை மரக்கதவு

எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இப்போது எங்கள் மண்டபங்களில் இருக்கும் வடிவில் இல்லை.

நாலடி வாசலை இரண்டு இரண்டடியாகப் பிரிக்காமல், மூன்றடி ஒன்று, ஒன்றரை அடி ஒன்று என நாலரை அடியாக்குங்கள். அன்றாடம் மூன்றடிப் பலகை மட்டும் திறந்தாலே நாற்காலி போகும். பிரேதப் பெட்டியும் ஒலிபெருக்கிப் பெட்டியும் வரும் நாளில் இரண்டையும் திறக்கலாம். வாசலை அகட்டச் சுவரை வெட்டினால் வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டமான லிண்டலின் நீளத்தை மேசனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லிண்டல் இரு பக்கமும் சுவரில் ஆறு அங்குலமாவது உட்காரவில்லை என்றால் புதிதாக வார்க்க வேண்டிவரும். மரக்கதவின் மறைந்திருக்கும் முதல் செலவு அது.

முதிரை, பாலை இரண்டும் வன்னிக்குப் பழகிய மரம், கறையானுக்கும் இலகுவில் மசியாது. பாரம்தான் சிக்கல். தடித்த முதிரைப் பலகையை மூன்றடி அகலத்தில் தொங்கவிட்டால் நோஞ்சான் கைக்கு அசையாது. மூன்று பிணைச்சல் போட்டு, பலகையைச் சட்டமும் மெல்லிய நிரப்பியுமாகச் செய்யச் சொல்லுங்கள். நிலையின் அடிப்பாகத்தை நேரே சீமெந்துக்குள் புதைக்காமல் இரும்புப் பாதத்தில் நிறுத்தினால் கறையானுக்கு ஏணி கிடைக்காது. மாரியில் மரம் ஊதும், ஐப்பசியில் இறுகும் கதவு மாசியில் தளரும். அதனால் சேர்க்கும்போதே பக்கத்துக்குக் கால் அங்குலம் இடைவெளி விடுங்கள்.

வெளிப்பக்கம் திறப்பதில் மூன்று எச்சரிக்கை. ஒன்று, பிணைச்சலின் ஊசி வெளியே தெரியும், கள்ளன் அதைத் தட்டிக் கழற்றலாம். ஊசித் தலையை ஒட்டிவிடுங்கள். அதோடு பிணைச்சல் பக்க விளிம்பில் இரண்டு இரும்புக் குச்சி அடித்து, கதவு மூடும்போது அவை நிலையில் துளைத்த ஓட்டைக்குள் போய் உட்காரும்படி செய்யுங்கள். ஊசியை எடுத்தாலும் கதவு வராது. இரண்டு, கச்சான் காற்று. ஆனி ஆடியில் திறந்த கதவைப் பிடுங்கி அடிக்கும். முதல் வருடத்திலேயே பிணைச்சல் போவது அதனால்தான். சுவரில் கொளுக்கி வைத்து, திறந்த கதவை மாட்டிவிடும் பழக்கம் வேண்டும். மூன்று, கதவு வெளியே வீசும் இடத்துக்கு அப்பால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். சாய்தளத்தின் சரிவிலேயே நின்றுகொண்டு, ஒரு கையால் நாற்காலி பின்னே போகாமல் பிடித்து, மற்றக் கையால் கதவைத் தன் பக்கம் இழுப்பது ஒருவராலும் முடியாத வேலை.

மழைத் தண்ணீரை என்ன செய்வது? நாலு அங்குலப் படிக்குப் பதிலாக விறாந்தையை வெளிப்பக்கம் சரித்து, கதவுக்கு வெளியே குறுக்காக ஒரு சிறு வாய்க்கால் வெட்டிக் கம்பித்தட்டு போடுங்கள். கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும், இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நேர்த்திசையில் ஓடினால் நாற்காலியின் முன் சில்லும் ஊன்றுகோல் நுனியும் இறங்கிவிடும்.

## கிறில் கதவும் மடக்குக் கதவும்

ஊர்ச் சங்கங்கள் அதிகம் விரும்புவது இது. காற்று வரும், உள்ளே யார் என்று தெரியும், ஒட்டுவேலைக் கடையில் ஒரு கிழமையில் செய்து தருவார்கள், மரத்தை விட மலிவு.

பிணைச்சலில் திறக்கும் கிறில் கதவு மோசமில்லை. மரக்கதவுக்குச் சொன்ன அகலமும் கைபிடியும் கொடுத்தால் சரி. பிரச்சினை, பக்கமாகத் தள்ளினால் கத்தரிபோல் மடிந்து ஒதுங்கும் மடக்குக் கதவில். அதன் கீழ்த் தண்டவாளம் நிலத்துக்கு மேலே ஒன்றரை அங்குலம் நிற்கும். நாற்காலியின் சின்ன முன்சில்லு அதில் குறுக்காகத் திரும்பி நின்றுவிடும், பின்னால் தள்ளுபவர் அவசரப்பட்டால் இருப்பவர் முன்னே விழுவார். தண்டவாளத்தைத் தரைக்குள் புதைத்தால் மண்ணும் கிரவல் கல்லும் நிரம்பி, மாதம் ஒரு தரம் ஆணியால் கிண்ட வேண்டும். முன்பள்ளி நடக்கும் மண்டபம் என்றால் இன்னொன்று: அந்தக் கத்தரி மடிப்புகளுக்குள் பிள்ளைகளின் விரல் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே முன்பள்ளி உள்ள மண்டபத்தில் மடக்குக் கதவை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரையோர ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால் இரும்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு வருடாவருடம் வேண்டும். முதல் விலை மலிவு என்று வாங்கிய கிறில், பெயின்ற் கணக்கையும் சேர்த்தால் சில வருடங்களில் மரத்தோடு சமமாகிவிடும். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கேட்டவருக்கு முக்கியமாக இதைச் சொல்கிறேன்.

விறாந்தையை மூடவும், கட்டாக்காலி மாட்டை மறிக்கவும் கிறில்தான் நல்லது. ஆட்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அதைத் திறந்து சுவரோடு கொளுவி வைத்துவிட வேண்டும்.

## றோலர் கதவு

கூட்டத்தில் இதைச் சொல்பவர்களுக்குக் கடைத்தெருவில் பார்த்த பழக்கம். இறக்கிப் பூட்டினால் உறுதியாகத் தெரிகிறது. கடைக்கு நல்லதுதான், மண்டபத்தின் முன்வாசலுக்கு வேண்டவே வேண்டாம்.

முதலாவது, திறக்கக் குனிந்து நிலத்திலிருந்து தூக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவருக்கும் நாரிப்பிடிப்புள்ள வயதானவருக்கும் அது முடியாது. இரண்டாவது, வெளியே இரண்டு பக்கமும் பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வழியே இல்லை. நெரிசலில் ஆட்கள் தகட்டில் சாய்ந்தால் அது பக்கத் தவாளிப்பில் இறுகி, மேலே போகாது. அவசர வழியாக அதைக் கணக்கில் எடுக்கவே முடியாது.

மூன்றாவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கடை வாசலில், வெயிலுக்காக றோலரை நெஞ்சளவுக்கு இறக்கி விட்டிருந்தார்கள். விழிப்புலன் இழந்த ஐயா ஒருவர் வெள்ளைப் பிரம்பைத் தட்டிக்கொண்டு வந்தார். பிரம்பு நிலத்தில் தட்டிப் பார்த்தது, வழி திறந்திருக்கிறது என்று சொன்னது. அவர் நம்பிக்கையோடு காலை எடுத்து வைத்தார். தகட்டின் கீழ் விளிம்பு நெஞ்சில் பட்டது. பிரம்பு நிலத்தில் இருப்பதைத்தான் சொல்லும், நெஞ்சு உயரத்தில் தொங்குவதைச் சொல்லாது. பாதி இறங்கிய றோலர் அவருக்குக் கண்ணுக்குத் தெரியாத கம்பு.

மறைந்த செலவு சுருள்வில். சில வருடத்தில் விசை குறைந்தால் தூக்கும் பாரம் கூடும். அதை இறுக்குவது ஆபத்தான வேலை, தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். உழவு இயந்திரம் நிறுத்தும் கொட்டில், நெல் களஞ்சியம், சங்கக்கடையின் விற்பனை வாசல், இவற்றுக்கு றோலரை வாங்குங்கள்.

## இழுவைக் கதவு

காற்றில் அடிக்காது, வீசுவதற்கு இடம் தேவையில்லை, நாற்காலியில் இருப்பவர் பின்னே நகராமல் பக்கமாகத் தள்ளலாம். விறாந்தை ஒடுக்கமான மண்டபங்களுக்கு இந்த நன்மை பெரிது. ஆனால் கதவு ஒதுங்கிக்கொள்ள அதே அளவு வெற்றுச் சுவர் வேண்டும். அங்கே யன்னல் இருந்தால் சரிவராது.

வாங்குவதானால் மேலே தொங்கி ஓடும் வகையை வாங்குங்கள். கீழே சில்லில் ஓடும் வகை வன்னி மண்ணுக்கு ஆகாது, புழுதி நிரம்பினால் ஒரு மாரியோடு நின்றுவிடும். மேலே தொங்குவதென்றால் நிலத்தில் ஒரு சிறு வழிகாட்டி முளை மட்டும் போதும், வாசற்படியே தேவையில்லை.

கூட்டம் தள்ளும் திசையில் இது திறக்காது. பிரதான அவசர வழியாக வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கும் வேறு கதவு ஒன்று இருந்தால் பக்கவழிக்கு இழுவை நல்லது.

இழுவைக் கதவு உண்மையில் தேவைப்படும் இடம் மலசலகூடம். இதை எந்தச் சங்கமும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மண்டபத்துக்குச் சாய்தளமும் அகலக் கதவும் போட்டுவிட்டு, பின்னால் இரண்டடிக் கதவோடு, உட்பக்கம் திறக்கும் மலசலகூடத்தை விட்டுவிடுகிறோம். காலையில் தொடங்கும் கூட்டம் மத்தியானம் தாண்டினால் நாற்காலியில் வந்தவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், பலர் அப்படித்தான் வருகிறார்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியே திறப்பதோ இழுவையோ போடுங்கள், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளோடு.

## அலுமினியமும் கண்ணாடியும்

பாரம் இல்லை, கறையான் இல்லை, எதிரே வருபவர் தெரியும். ஆள் எப்போதும் இருக்கும் சனசமூக நிலைய வாசிகசாலைக்கோ அலுவலக அறைக்கோ பொருத்தம். கண்ணாடியில் கண்மட்டத்திலும் பிள்ளைகளின் உயரத்திலும் நிறப்பட்டை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓடிவந்து மோதுவார்கள். அடியில் ஓரடி உயரத்துக்குத் தகடு அடித்தால் நாற்காலியின் கால்தட்டு இடித்து உடையாது. தனித்துக் கிடக்கும் மண்டபத்துக்கு ஒரு கல்லுக்கு முன் இது நில்லாது.

தானாகத் திறக்கும் மின்கதவு பற்றியும் ஒருவர் கேட்டார். 2022இல் மின்வெட்டு நேரங்களை எண்ணிக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள். மின் இல்லாதபோது கையால் தள்ளினால் திறக்கும் வகை உண்டு, ஆனால் திருத்தும் ஆள் பக்கத்தில் இல்லை. இப்போதைக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| கதவு | தனியே வருபவருக்கு | அவசரத்தில் வெளியேற | களவுக்கு | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| மரம், 3 அடி + 1½ அடி, வெளிப்பக்கம் திறப்பது | நல்லது | மிக நல்லது | நல்லது, பிணைச்சலைக் காத்தால் | லிண்டல், சமதளம், கறையான் | முன்வாசல் |
| கிறில், பிணைச்சலில் | நல்லது | நல்லது, பூட்டாவிட்டால் | நல்லது | பெயின்ற், துரு | விறாந்தை |
| மடக்குக் கிறில் | தண்டவாளம் தடுக்கும் | சுமார் | நல்லது | மண் அள்ளுவது, விரல் காயம் | பிள்ளைகள் இல்லாத இடம் |
| றோலர் | முடியாது | ஆபத்து | மிக நல்லது | சுருள்வில் | களஞ்சியம், கடை |
| மேலே தொங்கும் இழுவை | மிக நல்லது | பிரதான வழிக்கு ஆகாது | நடுத்தரம் | வெற்றுச் சுவர் | மலசலகூடம், பக்கவழி |
| அலுமினியம், கண்ணாடி | மிக நல்லது | நல்லது | குறைவு | கண்ணாடி மாற்றுவது | வாசிகசாலை, அலுவலகம் |

## பூட்டும் திறப்பும்

கதவைத் தெரிவு செய்ய ஒரு மாதம் பேசும் சங்கம், பூட்டைக் கடையில் நின்று இரண்டு நிமிடத்தில் வாங்கிவிடும். பாதி ஆபத்து பூட்டில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் எல்லா மண்டபத்திலும் வெளியே கொண்டியும் ஆமைப்பூட்டும். மலிவு, மாற்றுவது சுலபம். ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே தெரியாமல் ஒருவர் பூட்டிவிட்டுப் போகலாம். வெள்ள காலத்தில் இரவில் குடும்பங்கள் படுத்திருக்கும் மண்டபத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும்? இதற்குக் காசில்லாத வழி உண்டு. கதவைத் திறந்ததும், ஆமைப்பூட்டைச் சுவரில் இருக்கும் வளையத்திலேயே கொளுவிப் பூட்டிவிடுங்கள். திறப்பு இருப்பவரைத் தவிர வேறு ஒருவராலும் கதவைப் பூட்ட முடியாது. பூட்டும் தொலையாது.

உட்பக்கம் மேலேயும் கீழேயும் இருக்கும் நீளக் கொண்டிகளைக் கழற்றுங்கள். மேல் கொண்டி நாற்காலியில் இருப்பவருக்கு எட்டாது, கீழ்க் கொண்டி ஊன்றுகோலோடு வருபவருக்கு எட்டாது. இடுப்பளவில் ஒரேயொரு இழுவைத் தாழ்ப்பாள் போதும். காசு இருந்தால், நூறு பேருக்கு மேல் கூடும் மண்டபத்துக்குத் தள்ளுப்பட்டை போடுங்கள். வெளியே பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறக்கும். ஆனால் அப்படிப்பட்ட கதவில் வெளியே ஆமைப்பூட்டையும் கொளுவினால் பட்டைக்குப் பயனே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம்.

திறப்பு யாரிடம்? 2018 வெள்ள இரவில் எங்கள் மண்டபத் திறப்பு வைத்திருந்தவர் வேறு ஊரில் நின்றார். கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் கிழவிகளும் அவர் வரும்வரை விறாந்தையில், சாரலில் நின்றார்கள். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை. இப்போது மூன்று திறப்பு: ஒன்று மண்டபத்துக்கு மிகக் கிட்ட இருக்கும் வீட்டில், ஒன்று மாதர் சங்கத்தில், ஒன்று கிராம அலுவலரிடம். யாரிடம் இருக்கிறது என்று மண்டபச் சுவரில் எழுதியிருக்கிறோம்.

அடுத்தது களவு. முன்கதவைக் கோட்டையாக்கும் காசில் மண்டபத்துக்குள்ளேயே ஒரு மூலையில் ஆறடிக்கு எட்டடி அறை ஒன்று கட்டுங்கள். யன்னல் வேண்டாம், மேலே ஓடு வேண்டாம், கொங்கிறீட் தட்டு போடுங்கள். அதற்கு இரும்புக் கதவும் நல்ல பூட்டும். மோட்டர், அம்பிளிபயர், பற்றரி எல்லாம் அங்கே. மண்டபத்தில் மிச்சம் இருப்பது கதிரையும் கரும்பலகையும்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் முன்கதவை உடைக்க ஒருவருக்கும் தேவை இல்லை. அதன் பிறகு முன்கதவு முதல் இரண்டு வேலையையும் நிம்மதியாகச் செய்யலாம்.

## மூன்று ஊருக்கும்

நெடுங்கேணிப் பக்கத்து மண்டபத்தில் முன்பள்ளி நடக்கிறது, விறாந்தை அகலம். மூன்றடி-ஒன்றரை அடி மரக்கதவு போடுங்கள். விறாந்தைக்குப் பிணைச்சல் கிறில். மடக்குக் கதவு வேண்டாம்.

பூநகரி மண்டபத் தரை வெள்ளத்துக்காக உயர்த்தியது, ஒன்றரை அடி. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்றால் பதினெட்டு அடி நீளமும், மேலே ஐந்தடிச் சமதளமும் வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் அது ஒன்பது அடிதான் இருக்கிறது. கதவுக்கு வைத்திருக்கும் காசை முதலில் சாய்தளத்தில் போடுங்கள். கதவு ஒரு வருடம் பொறுக்கும்.

முல்லைத்தீவுக் கரையோரத்தவர்கள் இரும்பைக் குறைத்து மரத்துக்குப் போங்கள். பிணைச்சலும் ஆணியும் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். விலை கூட என்றாலும் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிரதேச சபைக்கோ உதவி தரும் நிறுவனத்துக்கோ எழுதும்போது தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக்கட்டடங்களின் அணுகுவசதிக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கடிதத்தில் இவற்றைக் குறிப்பிடுங்கள். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

கதவு செய்யச் சொல்ல முன், ஊரில் நாற்காலியில் நடமாடும் ஒருவரையும், பிரம்போடு நடக்கும் ஒருவரையும், செயற்கைக் கால் போட்ட ஒருவரையும் கூப்பிட்டு, வெறும் நிலைக்குள்ளால் போய்வரச் சொல்லுங்கள். இரண்டு கம்பை நட்டு அகலத்தைக் காட்டினாலும் போதும். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்தோம். அந்த அண்ணை இரண்டு தரம் போய்வந்தார். மூன்றாம் தரம் நடுவில் நிறுத்தி, ஓடாவியாரிடம், "கைபிடியை இன்னும் ரெண்டு அங்குலம் இறக்குங்கோ, என்ர கை இங்கதான் வரும்" என்று நிலையைத் தொட்டுக் காட்டினார். ஓடாவியார் காதில் இருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் கோடு போட்டார்.